பெண் பண்டம் அல்லள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு. மலர்க்குழுவினரின் வேண்டுகோளுக்கிணங்க எழுத்துருவில் தரப்படுகின்றது.)



உங்கள் செயலாளர் என் வீட்டிற்கு வந்து, "மாஸ்டர், இளைஞருக்குப் பயன்படும் பொருளொன்றைப் பற்றிப் பேசவேண்டும்" என்று கேட்டார். பொருள் என்ற அந்தச் சொல்லையே நான் இன்று பொருளாக எடுத்துக்கொள்ளுகின்றேன். பொருள் என்பது கருத்து. பொருள் என்பது செல்வம். பொருள் என்பது கடையில் விற்கப்படும் பண்டம். பெண்ணானவள் நமது பத்திரிகைகளிலும், சினிமாவிலும், தொலைக்காட்சியிலும், கையிலே நாம் ஏந்தித் திரியும் தொலைபேசியிலும் எவ்வாறு இந்த மூன்றாவது வகைப் பொருளாக ஆக்கப்படுகின்றாள் என்பதைப் பற்றியே சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

நான் நாற்பது ஆண்டுகள் தமிழ் இலக்கணம் படிப்பித்தவன். இலக்கணத்தின் வாயிலாகவே தொடங்குவது எனக்கு எளிது. நம்முடைய முன்னோர் உலகத்துப் பொருள்களையெல்லாம் இரண்டாகப் பகுத்தார்கள். மக்கள் உயர்திணை, மற்றையவை அஃறிணை. மக்களை 'அவன்' 'அவள்' என்கின்றோம். மேசையையும் மாட்டையும் 'அது' என்கின்றோம். சிறுபிள்ளையும் அறிந்த பாடம் இது. ஆனால் ஒரு சவர்க்கார விளம்பரத்தை உற்று நோக்குங்கள். அங்கே ஒரு பெண்ணின் தோள் இருக்கும், இடை இருக்கும், கூந்தல் இருக்கும். சில வேளைகளில் முகமே இராது. மோட்டார் வாகனத்தின் மேலே கை வைத்து நிற்பாள் ஒருத்தி. அவள் அதை ஓட்டமாட்டாள். வாகனத்தின் மினுக்கம் எதற்கோ, அவளுடைய நிற்பும் அதற்கே. உயர்திணையை அஃறிணையாக்கும் வேலை அங்கே சத்தமின்றி நடைபெறுகின்றது.

"விளம்பரத்தில் அழகிருந்தால் என்ன குற்றம்? நம்முடைய புலவர்கள் பெண்ணழகைப் பாடவில்லையா?" என்று ஓர் அன்பர் மனத்துள் கேட்பது எனக்குக் கேட்கின்றது. நியாயமான கேள்வி. அழகைக் காண்பது வேறு, ஆளைப் பண்டமாக்குவது வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள எல்லை எங்கே என்பதை அமெரிக்கப் பேராசிரியை மார்த்தா நுஸ்பாம் என்பவர் 1995இல் எழுதிய கட்டுரையொன்றில் ஏழு அடையாளங்களாகப் பகுத்துக் காட்டினார். அவற்றை நம்முடைய பேச்சு வழக்கிலே சொல்லுகின்றேன், மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

ஓர் ஆளைத் தன் காரியத்திற்கு வேண்டிய கருவியாக மாத்திரம் நடத்துதல் ஒன்று. அவருக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை இல்லை என்று கொள்ளுதல் இரண்டு. தாமாக எதையும் செய்ய இயலாத சடம்போல நினைத்தல் மூன்று. ஒன்று போனால் இன்னொன்று என்று மாற்றிக்கொள்ளத்தக்கதாக எண்ணுதல் நான்கு. உடைக்கவும் ஊறு செய்யவும் தடையில்லை என்று கருதுதல் ஐந்து. வாங்கவும் விற்கவும் ஒருவருக்கு உடைமையாகக்கூடியது என்று கொள்ளுதல் ஆறு. அவருடைய உணர்ச்சியைக் கணக்கில் எடாமை ஏழு. இந்த ஏழும் ஒருங்கே இருக்கவேண்டுமென்பதில்லை. ஒன்றிரண்டு இருந்தாலும் ஆராய்ந்து பார்க்கவேண்டியதே. அழகைப் பாடும் காதலன் அவளுடைய விருப்பத்திற்கு அஞ்சி நிற்கின்றான், பண்டமாக்குபவனுக்கு அவ்வச்சமில்லை. எல்லைக்கோடு அங்கேதான் விழுகின்றது.

இனிச் சினிமாவை எடுத்துக்கொள்வோம். தமிழில் முதன்முதலாகப் பேசிய படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அதிலே கதாநாயகியாக நடித்த ரி. பி. ராஜலட்சுமி அம்மையார், 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே எழுதித் தயாரித்து இயக்கினார். பேசும் படம் தொடங்கி ஐந்தே ஆண்டுகளில் ஒரு பெண் கமராவின் பின்னால் நின்று ஆணை பிறப்பித்தாள்! அந்த வழியிலே ஆண்டுதோறும் பத்துப் பெண்கள் சென்றிருந்தால் நமது சினிமா வேறாக இருந்திருக்கும். அவ்வாறு நிகழவில்லை. பிற்காலத்திலே கதைக்குச் சற்றும் தொடர்பில்லாத நடனமொன்றைப் படத்தின் நடுவே நுழைத்து, அதற்கென்றே ஒரு நடிகையை அமர்த்தும் வழக்கம் வேரூன்றிற்று.

அவ்வாறு அமர்த்தப்பட்டவர்களுள் ஒருவரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஆந்திர நாட்டிலே 1960இல் பிறந்த விஜயலட்சுமி என்ற ஏழைப் பெண், 1980இல் 'வண்டிச்சக்கரம்' என்ற படத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயரால் 'சில்க்' ஸ்மிதா ஆனார். பட்டுத்துணியின் பெயர் ஒரு பெண்ணின் பெயராயிற்று, எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான படங்களில் நடித்தார். நடிக்கத் தெரிந்தவர் என்பதை அறிந்தோர் அறிவர்; ஆயினும் ஆட்டத்திற்கே மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்டார். 1996ஆம் ஆண்டு செப்ரெம்பர் 23ஆம் திகதி சென்னையிலே தம் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 35. அவருடைய வாழ்க்கையைத் தழுவியது என்ற பேச்சோடு 2011இல் இந்தியிலே ஒரு படம் வந்தது. உயிரோடிருந்தபொழுது உடல் விலைபோயிற்று. இறந்தபின் கதையும் விலைபோயிற்று. கொட்டகையில் முன்வரிசையிலிருந்து சீழ்க்கையடித்தவன் யார்? வெளியே வந்து "அவள் கெட்டவள்" என்று சொன்னவன் யார்? இருவரும் ஒருவரே. அவனிடம் இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருந்தன. அந்த இரண்டாவது புத்தகத்தைப் பற்றியும் பின்னர் கூறுவேன்.

சினிமாவை விட்டுக் கண்ணாடியருகே வருவோம். முகத்தை வெண்மையாக்கும் பூச்சு ஒன்று 1975இல் இந்தியச் சந்தையில் 'ஃபெயார் அன்ட் லவ்லி' என்ற பெயரோடு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலையில்லை, மாப்பிள்ளையில்லை. பூசியபின் இரண்டும் உண்டு என்பதே நீண்ட காலமாக இத்தகைய பூச்சுகளின் விளம்பரக் கதையாக இருந்தது. 45 ஆண்டுகள் கழிந்து, 2020இல், உலகமெங்கும் நிறவெறிக்கு எதிரான குரல் எழுந்தபொழுது அப்பெயர் 'குளோ அன்ட் லவ்லி' என்று மாற்றப்பட்டது. பெயர் மாறிற்று. ஆனால் நமது கலியாணப் பேச்சுகளில் "பிள்ளை என்ன நிறம்?" என்ற கேள்வி மாறிற்றா? விளம்பரக்காரன் வானத்திலிருந்து விதை கொண்டுவரவில்லை. நமது வீட்டு முற்றத்தில் கிடந்த விதையையே எடுத்து நீரூற்றி நமக்கே விற்றான்.

இதனால் வரும் கேடு மனத்தோடு நின்றுவிடுவதில்லை. பெயரும் முகவரியுமில்லாமல் கடைகளில் விற்கப்படும் சில வெண்மைப் பூச்சுகளிலே பாதரசம் கலந்திருக்கின்றது. அது தோலினூடாக உட்சென்று சிறுநீரகத்தைப் பழுதாக்கும். ஆதலினாலேயே 2013இல் உலக நாடுகள் கூடிச் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை, ஒரு கிலோகிராமில் 1 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பாதரசம் உள்ள பூச்சுகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2023இல் அக்கட்டுப்பாடு மேலும் இறுக்கப்பட்டது. தாய்மார்களே, உங்கள் பெண்பிள்ளை ஒளித்துவைத்துப் பூசும் டப்பாவின் மேலே தயாரித்தவரின் பெயர் இருக்கின்றதா என்று இன்றிரவே பாருங்கள். ஏசவேண்டாம்; பாருங்கள்.

பிறர் நம்மைப் பண்டமாக நோக்கினால், நாளடைவில் நாமே நம்மை அவ்வாறு நோக்கத் தொடங்குகின்றோம். பார்பரா பிரெட்ரிக்சன், தோமி-ஆன் ரொபேட்ஸ் என்னும் உளநூல் அறிஞர் இருவர் 1997இல் இதை விரிவாக எடுத்துரைத்தனர். அடுத்த ஆண்டில் அவர்களும் வேறு சிலரும் வெளியிட்ட பரிசோதனை ஒன்று கவனிக்கத்தக்கது. கல்லூரி மாணவ மாணவிகளைத் தனித்தனி அறையில் விட்டு, ஒரு சாராரை நீச்சலுடையும் மற்றையோரைக் கம்பளிச் சட்டையும் அணிந்து கண்ணாடியில் பார்க்கச் செய்து, பின் கணக்குக் கொடுத்தார்கள். அறையில் வேறு ஆளில்லை. ஆயினும் நீச்சலுடை அணிந்த மாணவியரின் கணக்குப் பெறுபேறு குறைந்தது. மாணவருக்கு அவ்வாறு குறையவில்லை. பார்க்க ஒருவரும் இல்லாத அறையிலும், தன் உடல் எவ்வாறு தோன்றுகின்றது என்ற கவலை அவளுடைய சிந்தையின் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. க.பொ.த. பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணை வைத்திருக்கும் பெற்றோர் இதைச் சிந்திக்கவேண்டும்.

செய்திகளின் நிலை யாது? பல நாட்டுச் செய்தி ஊடகங்களை ஒரே நாளில் ஆராயும் உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 1995இல் தொடங்கிற்று. அவ்வாண்டு, செய்திகளிற் காணப்பட்ட மாந்தருள் பெண்கள் நூற்றுக்கு 17 பேர். 2020இல் 25 பேர். கால் நூற்றாண்டில் ஏறியது எட்டே படி! விளம்பரப் பலகையிலோ பெண் இல்லாத தெருவில்லை. அவள் வாய் திறக்கவேண்டிய இடத்தில் அவளைக் காணோம். வாய் மூடி நிற்கவேண்டிய இடத்தில் அவளே நிறைந்திருக்கின்றாள். 1931இல் ஆணோடு சமமாகப் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்த நாடு நமது நாடு. 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரைக் கண்ட நாடு. அந்நாட்டில் இது பெருமைக்குரிய காட்சியன்று.

அன்பர்களே, இதுவரை நான் பேசியவற்றைக் கேட்டுப் பெரியோர்கள் தலையசைத்தீர்கள். "பார்த்தீர்களா, சினிமாவும் ஃபோனும் பிள்ளைகளைக் கெடுக்கின்றன" என்று சிலர் மெல்லப் பேசியதும் என் காதில் விழுந்தது. இனி நான் சொல்லப்போவது உங்களுக்கும் எனக்கும் உரியது.

சில ஆண்டுகளுக்கு முன், நான் படிப்பித்த ஊரொன்றில் வாணி விழா நடைபெற்றது. ஊரையும் ஆளையும் சொல்லேன். ஒரு பெண்பிள்ளை, என் மாணவி, நன்றாகப் பரதம் ஆடுவாள், அன்றும் ஆடினாள். சபையில் இருந்த வாலிபன் ஒருவன் தொலைபேசியில் அதைப் படம்பிடித்தான். ஆட்டத்தை அன்று; உடலின் ஒரு பகுதியை மாத்திரம். அதிலே ஆபாசமான வரியொன்றை எழுதி நண்பர்களுக்கு அனுப்பினான். மறுநாட் காலையில் அது சந்தைக்குப் போயிற்று, பள்ளிக்கூடத்திற்குப் போயிற்று, கடல் கடந்து கனடாவுக்கும் போயிற்று. அனுப்பியவர்கள் அந்நியரல்லர். திருநீறு பூசிச் சபையிலிருந்த நம் பிள்ளைகளே.

அன்று மாலை அவளுடைய தகப்பனார் என் வீட்டுக்கு வந்தார். "மாஸ்டர், இனி என்ன செய்யிறது?" என்று கேட்டார். நான் சற்றும் யோசியாமல் விடை கூறினேன். "பிள்ளையை இனி மேடையேற்றவேண்டாம். கொஞ்ச நாளைக்கு வெளியிலும் விடவேண்டாம். எல்லாம் அடங்கிப்போம்." அது புத்திமதி என்றே நினைத்தேன். அவர் கைகூப்பிச் சென்றார். சதங்கை பெட்டிக்குள் போயிற்று. நடன வகுப்பும் நின்றது.

இரண்டு மாதங்களின் பின் அப்பிள்ளையைக் கோயில் வீதியில் தாயோடு கண்டேன். "எப்படியம்மா இருக்கிறாய்?" என்றேன். அவள் என்னை நேரே பார்த்துக் கேட்டாள்:

"சேர், படம் எடுத்தவை அந்தத் தேர்முட்டியடியிலை நிக்கினம். நான் ஏன் வீட்டுக்கை இருக்கவேணும்?"

என்னிடம் விடையில்லை. இன்றுவரை இல்லை.

வீட்டுக்குத் திரும்பி, நான் சற்று முன் உங்களுக்குக் கூறிய அந்த ஏழு அடையாளங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அவற்றைக் கொண்டு அந்த வாலிபனை அளப்பது எளிது. அவன் அவளைக் கருவியாக்கினான். ஊறு செய்யத் தடையில்லை என்று கொண்டான். ஆனால் என்னை அளந்தபொழுது நடுங்கிப்போனேன். அவளுக்காக நான் முடிவெடுத்தேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இரண்டாவது அடையாளம். தகப்பனுடைய உடைமையைப் பற்றிப் பேசுவதுபோலத் தகப்பனோடு பேசினேன். அது ஆறாவது. அவள் நெஞ்சு என்ன பாடுபடும் என்று எண்ணவில்லை. அது ஏழாவது. கள்வன் வந்த வீட்டிலே கள்வனைத் தேடாமல் நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னவன் நான். நகையைப் பூட்டலாம், அது அஃறிணை. அவள் உயர்திணை.

முன்னர் கூறிய இரண்டாவது கணக்குப் புத்தகம் இதுவேயாகும். வணிகன் பெண்ணைக் காட்டி விற்கின்றான். நாம் மறைத்து மதிப்பை ஏற்றுகின்றோம். அவன் புத்தகத்தில் அவள் சரக்கு. நமது புத்தகத்தில் அவள் 'குடும்ப மானம்'. இரண்டிலும் அவள் பெயரில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. ஆகையால், பெண்ணைப் பண்டமாக்குவதற்கு மருந்து அவளைப் பூட்டுவதே என்று எவரேனும் சொன்னால், அது நோயையே மருந்தென்று கொடுப்பதாகும்.

நமது சமயமும் இலக்கியமும் இதைப்பற்றி என்ன கூறுகின்றன? உண்மையைச் சொல்லவேண்டும். நமது நூல்கள் யாவும் குற்றமற்றவை என்று நான் வாதாடமாட்டேன். பாதாதிகேசமாகப் பெண்ணுடலை அங்கம் அங்கமாக வருணித்து, அவளுக்கொரு சொல்லும் கொடாத செய்யுள்கள் நம்மிடம் உண்டு. ஆயினும் அதே மரபிலேதான் மணிமேகலை நிற்கின்றாள். தன்னை ஓயாது தொடர்ந்த அரசிளங்குமரனுக்கு நரைத்து மூத்த ஒருத்தியைச் சுட்டிக்காட்டி, அவன் துரத்துவது எது என்று அவனையே சிந்திக்கச் சொன்னவள் அவள். அதே மரபிலேதான் காரைக்காலம்மையார் நிற்கின்றார். கணவன் தன்னை விட்டகன்றபின், அவனுக்காகத் தாங்கிய அழகுடலை உதறிப் பேயுருவை இறைவனிடம் வேண்டிப் பெற்றார் என்று பெரியபுராணம் கூறும். ஊரார் அஞ்சி ஓடினார்கள், அம்மையார் பாடினார். அறுபத்துமூவர் வரிசையில் ஏனையோர் நிற்க அவர் மாத்திரம் அமர்ந்திருப்பதை நமது கோயில்களில் இன்றும் காணலாம். உடல் உதிர்ந்த பின்பும் எஞ்சி நின்றது அவருடைய குரல். அவரை வணங்கிவிட்டு வெளியே வந்து, ஒரு பெண்ணின் குரலைக் கேளாது அவளுடைய உடலைப் பற்றி மாத்திரம் வழக்குரைப்போமாயின் நமது வணக்கம் எத்தகையது?

சட்டங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் உலக உடன்படிக்கையை நமது நாடு 1981இல் ஏற்றது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. அது பேச்சுரிமையை நெரிக்கும் என்று எதிர்ப்பும் எழுந்தது. தொல்லைக்குள்ளான பெண்கள் 1938 என்ற இலக்கத்திற்கும், பிள்ளைகள் 1929 என்ற இலக்கத்திற்கும் தொலைபேசியில் அழைத்து முறையிடலாம். இவ்விரண்டு இலக்கங்களையும் வாசிகசாலைச் சுவரிலே பெரிதாக எழுதிவையுங்கள். ஆயினும் சட்டம் நடந்து வரும். படம் பறந்து போகும். பறக்கவிடும் விரல் யாருடையது என்பதே கேள்வி. இக்காலத்தில் முகத்தை வேறோர் உடலில் பொருத்திப் பொய்ப்படம் செய்யவும் பொறிகள் வந்துவிட்டன. ஆடாத பெண்ணையும், மேடையேறாத பெண்ணையும், வீட்டுக்குள் பூட்டிய பெண்ணையும் அவை விடமாட்டா. பூட்டு இனிப் பயன்படாது, பெரியோர்களே.

ஆதலின் இச்சங்கத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றேன்.

முதலாவது, வாலிபர்களுக்கு. ஒரு பெண்ணின் படத்தை அவள் சம்மதமின்றி எடாதீர்கள். உங்களிடம் வந்தால் அது உங்கள் கையிலேயே மடியட்டும். அனுப்பியவனைத் தனியே அழைத்து "இது பிழை" என்று சொல்லுங்கள். சிரித்துவிட்டுச் சும்மா இருந்தவனும் பங்காளியே. அன்று அந்த ஊரிலே நாற்பது பேர் அதைப் பார்த்திருந்தால், நாற்பதின்மருள் ஒருவன் தடுத்திருந்தாலும் அவன் வரையிலாவது அது நின்றிருக்கும்.

இரண்டாவது, மலர்க்குழுவினருக்கு. இம்மலரின் பின்பக்கங்கள் நகைக்கடை, புடைவைக்கடை விளம்பரங்களால் நிரம்புகின்றன. அப்பணமின்றி மலர் அச்சேறாது என்பதை அறிவேன். எனினும் பெண்ணின் உடலைக் காட்டி வேறொன்றை விற்கும் விளம்பரம் வந்தால், படத்தை மாற்றித் தரும்படி கேளுங்கள். மறுத்தால் அந்தப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அந்த வெற்றுப் பக்கமே நல்ல கட்டுரையாகும்.

மூன்றாவது, பெரியோர்களுக்கு. நமது செயற்குழுவைப் பாருங்கள். விழாவுக்குக் கோலமிடுவோரும் தேநீர் வழங்குவோரும் பெண்கள். தீர்மானம் எழுதுவோர் ஆண்கள். பெண்கள் மேடையேறலாமா என்ற தீர்மானத்தையும் ஆண்களே எழுதுகின்றோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் பெண்களைச் செயற்குழுவுக்குத் தெரிவு செய்யுங்கள். அவர்களைப் பற்றிப் பேசுமுன் அவர்களைப் பேசவிடுங்கள்.

நான் முடிவுரைக்கு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளை இப்பொழுது படித்து முடித்து வேலை பார்க்கின்றாள். அவளிடம் சென்று, நான் கூறிய புத்திமதி பிழை என்று ஒப்புக்கொண்டேன். அவள் "பரவாயில்லை சேர்" என்றாள். அவள் மீண்டும் ஆடவில்லை. இனி ஆடுவாளோ ஆடமாட்டாளோ, அது அவளுடைய முடிவு. அதைக் கேட்கும் உரிமையும் எனக்கில்லை. ஆனால் அவளைப் போன்ற பிள்ளைகள் அடுத்த வாணி விழாவில் இந்த மண்டபத்தில் ஆடுவார்கள். அன்று முன்வரிசையில் நீங்களும் இருப்பீர்கள். உங்கள் கையிலே தொலைபேசியும் இருக்கும். தேர்முட்டியடியில் நின்று அவள் கேட்ட கேள்விக்கு, என்னால் சொல்ல முடியாத விடையை நீங்கள் அன்று நடந்து காட்டுங்கள்.